ரெய்னோ வெட்டிய பைப்

நவம்பர் 9, சனி

நூல் சுற்றும் மரச்சட்டத்தை நாய் கடித்து இரண்டாக்கிவிட்டது. புதிது வாங்கலாம் என்றதற்கு என் புருஷன் ரெய்னோ குதித்தான். "காசு குடுத்து வாங்குவியா? நாப்பது வருசம் பிளம்பரா பைப் வெட்டின கை இது. ஊர்ல பாதி வீட்டுக் கக்கூஸ் என் பேரைச் சொல்லும்!"

கராஜில் மிச்சம் கிடந்த பிளாஸ்டிக் பைப்பை வெட்டினான். நடுவில் ஒரு தண்டு, தண்டின் இரு முனையிலும் குறுக்காக இரண்டிரண்டு கைகள், நுனியில் மூடிகள். "சுத்தின நூல் சிட்டத்தை உருவ ஒரு கை மட்டும் கழலும். மத்ததெல்லாம் ஒட்டிட்டேன், டிராக்டர் கட்டி இழுத்தாலும் வராது" என்றான்.

ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி வெள்ளை வெளேரென்று அசிங்கமாக இருக்கிறது. சுற்ற நன்றாகத்தான் வருகிறது. சர்ச் ஏலத்துக்கு என் தோழி டோரீன் போர்வை நெய்கிறாள், நூல் என்னுடையது. ஒரு சிட்டத்துக்கு நூறு சுற்று. இன்று இரண்டு சிட்டம் சுற்றினேன்.

நவம்பர் 16

டோரீன் போன். "ஐலா, உன் சிட்டம் ரெண்டும் பத்தலைடி. ஒண்ணு ரொம்பவே கம்மி. பேச்சு சுவாரசியத்துல எண்ண மறந்துட்டியா?"

சிரித்து வைத்தேன். நான் தனியாக உட்கார்ந்துதான் சுற்றினேன். யாரிடம் பேசினேன்?

அம்மாவுக்கு மறதி இப்படித்தான் ஆரம்பித்தது. பின்னும்போது கண்ணி எண்ணிக்கை விட்டுப்போகும். அறுபத்தாறு வயது அவளுக்கு. எனக்கு இப்போது அறுபத்தாறு.

நவம்பர் 17

சர்ச்சில் பாதிரியார் பெயர் ஒரு நிமிடம் வரவில்லை. வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நிமிடம் வரவில்லையே.

நவம்பர் 21

ஒரு சுற்றுக்கு ஒரு பீன்ஸ் விதை என்று கிண்ணத்தில் போட்டுக்கொண்டே சுற்றினேன். நூறு விதை, எடுத்து வைத்து எண்ணினேன். டோரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை அதிகமாம்! "தாராள மனசு" என்று கிண்டல் செய்கிறாள்.

விதையைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லையா எனக்கு? சட்டத்தில் கோளாறு இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. ரெய்னோ வெட்டிய பைப்பிலா? கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் சரியாக வருமே அவனுக்கு. என் மண்டையை விட்டுப் பைப்பைக் குறை சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

அவனிடம் சொன்னேன். "எண்ணும்போது வேற யோசனையில இருந்திருப்ப. உங்கம்மாகூட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். ஏன் நிறுத்தினான்? அவனுக்கும் தெரிந்துவிட்டதா? இந்த வருசம் மான் வேட்டைக்குக்கூடப் போகவில்லை. முட்டி வலி என்கிறான். என்னைத் தனியா விட பயமாத்தான் இருக்கும், வேறென்ன.

நவம்பர் 26

ஹான்காக் டவுனில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். வியாழன், டிசம்பர் 5. ரெய்னோவிடம் சொல்லவில்லை. மறதி இருக்கிறதா என்று பார்க்க அங்கே கடிகாரம் வரையச் சொல்வார்கள், அம்மாவைச் சொன்னார்கள். அடுப்படி மேசையில் வரைந்து பழகினேன். பரீட்சைக்கு பிட் அடிக்கிற மாதிரி. எல்லாம் வட்டமாகத்தான் வருகிறது. அப்படியும் பயம் போகவில்லை. ஐயோ, எனக்கு அம்மா மாதிரி ஆகக் கூடாது.

டிசம்பர் 2

டோரீன் காபிக்கு வந்தாள். சட்டத்தைக் கையில் எடுத்துச் சும்மா திருப்பினாள். ஒரு கை கழன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. கடைசியில் எல்லாமே அவள் மடியில் கிடந்தன.

"எதையுமே ஒட்டலையேடி! சுத்தச் சுத்தக் கையெல்லாம் திரும்பிக்கிட்டே இருந்திருக்கு. அதான் நூல் ஒரு தடவை நீளம், ஒரு தடவை குட்டை. அளந்து பாரு, நாலு கையும் நாலு அளவு!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உன் மூளை கல்லு மாதிரி இருக்கு. உன் வீட்டு பிளம்பரைத்தான் கவனிக்கணும்."

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எனக்கு ஒன்றுமில்லை! அவளைக் கட்டிக்கொண்டேன்.

அவள் போன பிறகு நாலு துண்டையும் மேசையில் அடுக்கி வைத்தேன். ஒன்று கட்டைவிரல் அகலத்துக்குக் குட்டை. வெட்டு கோணலாக, பல் பல்லாக இருந்தது.

ஒட்டிவிட்டதாகச் சொன்னானே.

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

டிசம்பர் 3

கராஜுக்குப் போனேன். தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் மூன்று சட்டங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒன்றில் ஒரு பக்கம் மூன்று கை. பசை டப்பா திறக்கவே படவில்லை. யாருக்கும் தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறான். சரியாக வரவில்லை என்று தெரிந்து மறைத்திருக்கிறான். எத்தனை நாளாக இந்தப் பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தான், என் பக்கத்தில் படுத்துக்கொண்டு?

எனக்காகப் பயந்தது ஒன்றுமேயில்லை. இப்போதுதான் பயம்.

டிசம்பர் 4

டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்தேன். நாளைய நேரம் அப்படியே இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்ற வேண்டும் என்றேன். அந்தப் பெண் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். ரெய்னோவின் பெயரைச் சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான், பூட்ஸ்கூடக் கழற்றாமல்.

கத்துவான் என்று நினைத்தேன். என்னிடம் கேட்காமல் ஏன் செய்தாய் என்பான் என்று நினைத்தேன். அவனோ நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டாக்டர்கிட்ட உள்ள போறப்ப நீயும் கூட வருவல்ல?" என்று கேட்டான்.