அடுப்படிச் சாமிகளின் வாயை அடைத்தது குறித்து

அனுப்புநர்
தாவ் ஷியூச்சின்,
வடசரிவு கிராமம்,
குஷுய் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
பொதுப் பாதுகாப்பு அலுவலகம்,
குஷுய் மாவட்டம்.

பொருள்: என் பேத்தி, சிற்பி மியாவ் யூதிங்கை விடுவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இம்மனுவை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கலாம். விஷயத்தில் கோணல் இல்லை.

2. யூதிங் சிறுமியாக இருந்தபோதே எங்கள் ஊர்ச் செயலாளரைக் கொழுத்த கடுவன் பூனையாகக் கிடங்குச் சுவரில் கரியால் வரைந்தாள். அழித்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். மீசையை மட்டும் அழித்தேன். அதன் பிறகு படம் இன்னும் அச்சு அசலாக அவரைப் போலவே ஆகிவிட்டது.

கலைக் கல்லூரியில் அவள் ஒரு விருந்து மேசை செய்தாள். அதிகாரிகளின் நாற்காலிகள் கூரையைத் தொட்டன. தட்டுகள் தரையில் இருந்தன. உட்கார்ந்தால் சோறு எட்டாது, இறங்கினால் பதவி போய்விடும். கல்லூரி அவளைத் தேர்ச்சி பெற விடவில்லை. பெய்ஜிங் ஓரத்தில் அவளுடைய பட்டறையை இடித்தார்கள். உடைந்த செங்கற்களில், இடித்த இயந்திரத்திலேயே தூங்கிப்போன ஓட்டுநரை வரைந்தாள். அச்செங்கற்கள் இன்று ஜெர்மனியில் ஓர் அருங்காட்சியகத்தில் உள்ளன. நான் இந்த மாகாணத்தைத் தாண்டியதில்லை. என் பேத்தியின் செங்கல் கடல் தாண்டியிருக்கிறது.

3. ஆண்டுக் கடைசியில், அடுப்படிச் சாமி மேலுலகம் போகும் நாளில், தாங்களும் தங்கள் வீட்டுச் சாமியின் வாயில் பாகு மிட்டாய் பூசியிருப்பீர்கள். மேலே போய் நம் குறைகளைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் எல்லோரும் பூசுகிறோம். அந்த நாளில் யூதிங், பழைய நாடகக் கொட்டகையில் களிமண் சாமிகளை வரிசையாக வைத்தாள். எல்லாருக்கும் அதிகாரிகளைப் போலக் கறுப்புச் சட்டை, சாயம் பூசிய தலை, கையில் தேநீர்க் குடுவை, பாகு அடைத்த வாய். பக்கத்தில் வெந்நீரும் துணியும் இருந்தன. யாராவது வாயைத் துடைத்துவிட்டால் உள்ளிருந்து ஒரு குரல் பேசும்: "ஆலை வந்ததுக்கப்புறம் வடசரிவுக் கிணத்துத் தண்ணி செவந்துபோச்சு. மேலிடத்துக்குத் தெளிவா இருக்குன்னு எழுதிட்டீங்க. ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

4. தங்கள் அலுவலகப் பிரிவுத் தலைவர் திரு பாங் வந்து, பொய் வதந்தி பரப்பியதாக அவளைக் கைது செய்தார். சாமிகளை வண்டியில் ஏற்றப் போனவர், துடைத்த வாய்களைப் பார்த்துத் தயங்கி நின்றார். பிறகு ஓட்டுநரை அனுப்பிப் பாகு மிட்டாய் வாங்கி வரச்செய்து, தன் கையாலேயே ஒவ்வொரு வாயையும் அடைத்தார். கடைவீதியே வேடிக்கை பார்த்தது. "கொஞ்சம் கெட்டியா அப்புங்கய்யா, ஆபீஸ் வரைக்கும் தாங்கணுமில்ல?" என்றார் மீன்காரர். திரு பாங்கும் இன்னொரு பூச்சுப் பூசினார்.

ஐயா, பொய் சொல்கிற வாய்க்கு யாரும் பாகு வாங்கிச் செலவழிப்பதில்லை. எங்கள் கிணற்றைப் பற்றிய பேச்சு உண்மை என்பதற்குத் தங்கள் பிரிவுத் தலைவரின் கையே சாட்சி.

5. மறுநாள் திரு பாங் என் வீட்டுக்கு வந்தார். "பாட்டிம்மா, ஒரு மன்னிப்புதானே? நீங்க சொன்னா எழுதிக் குடுத்துடுவா. புத்தாண்டுக் கொழுக்கட்டைக்குப் புள்ள வீட்டுல இருப்பா" என்றார். எங்கள் கிணற்று நீரில் தேநீர் வைத்துக் கொடுத்தேன். அவர் கோப்பையைத் தொடவில்லை. நானும் சம்மதிக்கவில்லை. கைதான அன்று வண்டியில் ஏறும்போது யூதிங் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பாட்டி, எனக்காக யார்கிட்டயும் கெஞ்சிடாத." ஆகவே இதைக் கெஞ்சலாகக் கருத வேண்டாம்.

6. சாமிகளுக்குள் பேசும் குரல் யாருடையது என்று அவளை விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவள் சொல்ல மாட்டாள். நான் சொல்கிறேன்: அது என் குரல். வார்த்தைகளும் என்னுடையவை. அவள் செய்தது களிமண் வேலை மட்டும்.

எனவே, குற்றம் பேச்சில்தான் என்றால் அவளைப் புத்தாண்டுக்கு முன் விடுவித்துவிட்டு என்னைக் கைது செய்ய ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சிறைக் குளிருக்குப் பஞ்சு வைத்த காற்சட்டையை மடித்து எடுத்து வைத்துவிட்டேன். எங்கள் தெருவில் தங்கள் வண்டி நுழையாது. ஆலை லாரிகளுக்காக எங்கள் சோள வயலில் போட்ட சாலை நல்ல அகலம், அதில் வரலாம்.

இடம்: வடசரிவு
நாள்: பன்னிரண்டாம் மாதம், இருபத்தாறு

இப்படிக்கு,
தாவ் ஷியூச்சின்
(யூதிங்கின் பாட்டி)