ஆடித் தள்ளுபடியில் ஒரு ஸ்பீக்கர்

ஆடி, ஞாயிறு இரவு

உடம்பெல்லாம் அசதி. தூக்கம்தான் வரவில்லை.

தள்ளுபடியில் ஸ்பீக்கர் வாங்க நானும் செல்வியும் டவுனுக்குப் போனோம். கடைக்காரர் ஒரே பாட்டை இரண்டு ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டார்.

"இதுலதான் சலங்கை தெளிவா விழுது," என்று செல்வி இரண்டாவதைக் காட்டினாள்.

"அக்காவுக்கு நல்ல காதுண்ணே," என்றார் அவர்.

அந்தப் பாட்டில் சலங்கை இருப்பதே எனக்குத் தெரியவில்லை. அவனியாபுரம் இரும்புப் பட்டறையில் வருடக்கணக்காக கிரைண்டர் இரைச்சலிலேயே கிடக்கிற காது.

"ரெண்டும் ஒண்ணுதான். விலை கம்மியா இருக்கதையே எடுப்போம்," என்றேன்.

கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டு, பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் போட்டுப் பார்த்ததும், "பாத்தீங்களா, சலங்கை அமுங்கிப்போச்சு," என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

படுக்கும்போது, "இந்த ஃபேன் கீச்சு கீச்சுங்குது. எண்ணெய் விடுங்கன்னு எம்புட்டு நாளாச் சொல்றேன்," என்றாள். இல்லாத சத்தத்துக்குப் புலம்புகிறாள் என்று எத்தனையோ தடவை அவள் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன்.

இப்போது அவள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு தூங்குகிறாள். நான் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன்.

சத்தமே இல்லாமல்தான் ஓடுகிறது.