ஒரே பெயரில் இரண்டு பேர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு லேசான சளிதான், கவலைப்படாதே.

லீவு நாளில் அறையில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல், உன் அப்பா கப்பலேறி வந்து வேலை பார்த்த இந்த ஊர்த் துறைமுகத்தின் பழைய பதிவேடுகளைப் பார்க்கப் போனேன்.

“இந்தப் பேர்ல ரெண்டு பேர் இருக்காங்களே, உங்க தாத்தா யாரு?” என்றார் குமாஸ்தா.

இருவரும் ஒரே ஊர், ஒரே கப்பலில் வந்தவர்கள். தகப்பன் பெயரை வைத்துத்தான் பிரித்தோம். இங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டவர் மற்றவர், அம்மா. நம்மவர் வந்த எட்டாம் மாதமே காய்ச்சலில் போய்விட்டார். வீட்டு முகவரி தெரியவில்லை என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது, அதனால்தான் நமக்குத் தகவல் வரவில்லை.

இத்தனை வருடம் அவரை ‘ஓடிப்போனவன்’ என்றே சொன்னாய். உன்மேல் தப்பில்லை, மற்றவர் கல்யாணம் செய்த செய்திதான் நம்மவர் பேரில் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பீரோவுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாயே, தாத்தாவின் அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பு. உன் பழைய புடவை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள.

நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. இதைப் படித்தபின் தனியாக இருக்காதே. அக்காவை வரச்சொல்.

உன் மகள்