பதினோரு ஒன்றுகள்

இப்படித்தான் முடியும் என்று முதல் நாளே சொன்னவன் நான். ஹைதராபாத் சனத்நகரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்; யாரும் மிச்சமிருந்தால்.

இன்று காலை கச்சிபௌலி நெரிசலில் கேப் நின்றது. மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் 111111. டிரைவர் படம் எடுத்துக்கொண்டான். நீ இருந்திருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பாய்: மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தேழு. ஐந்தையும் பெருக்கினால் அந்த எண். எனக்கு அந்தப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது மட்டும்தான் தெரிந்தது.

நாம் வேலை பார்த்த ஷெட்டுக்கு, தகட்டில் எண் பதிக்கும் புது நம்பர் பஞ்ச் வந்த நாள். ஒன்றாம் நம்பரைச் சோதிக்கக் கழிவுத் தகட்டில் வரிசையாக அடித்தாய். பதினோரு அடி. மேனேஜரே ஓடி வந்து பார்த்தார் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் நாம் இருவர்தான்.

"இது எதாலயாவது வகுபடுமாடா?" என்றாய்.

எட்டாவதோடு நின்றாலும் கணக்கில் நான் புலி. "பதினோரு ஒன்னு இருக்குல்ல? பதினொன்னால போகும். பந்தயம்!"

நீ இரண்டிரண்டாக விரலால் மூடிக்கொண்டே போனாய். கடைசி ஒன்று ஒற்றையாய் நின்றது.

"போடா புலி. மீதி ஒன்னு."

"சரி, வேற எதாலயாவது உடையும். நான் சொன்னா சொன்னதுதான்."

"உடையக் கூடாதுடா. இங்க எல்லாத்தையும் அறுக்கறோம், தொளைக்கறோம். உடையாதது ஒன்னாவது இருக்கட்டுமே."

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளைக்கு ஒரு பகா எண். பழைய ஜாப் கார்டின் பின்பக்கத்தில் பதினோரு ஒன்றையும் அதால் வகுப்பாய். மீதி வந்தால் சிரிப்பு. மறுநாள் அடுத்த எண். தெலுங்குக்காரர்கள் உன்னைப் 'பிச்சோடு' என்றார்கள், பைத்தியம் என்று. ஒன்பதாயிரத்தைத் தாண்டியபோது ஓய்வு கொடுத்தார்கள். அப்புறம் வீட்டில் வகுத்தாய். அப்புறம் கை நடுங்கியது.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தாய். "உன் மருமக கம்ப்யூட்டர்ல இருக்காளே. கேளுடா. தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

கேட்டேன். எண்ணைத் தட்டினாள், நான் மூக்குக்கண்ணாடி மாட்டுவதற்குள், "அயிப்போயிந்தி மாமா" என்றாள், முடிந்துவிட்டது என்று.

திரும்பி வந்தபோது நீ விழித்தே இருந்தாய்.

"என்னடா சொல்லுச்சு?"

"ஒன்னும் நுழையலையாம். கம்ப்யூட்டரே கையை விரிச்சிடுச்சு."

"அப்ப நீ தோத்துட்ட."

"தோத்துட்டேன்டா."

நீ சிரித்தாய். மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தாய். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

கம்ப்யூட்டர் கையை விரித்தது என்பது நான் கட்டிச் சொன்னது. அந்தப் பதினோரு ஒன்று 21,649-ஆல் போகிறது, 5,13,239 தடவை, மீதியே இல்லாமல். இரண்டு எண்ணும் எனக்கு மனப்பாடம். ஆயுளில் நான் சொல்லிப் பலித்தது இது ஒன்றுதான். அதை உன்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.