நான் சொன்ன உன் பதில்

நேற்று காலை சிதம்பரம் போகிற பாசஞ்சரில் உட்கார்ந்திருந்தேன். கடலூர் முதுநகர் தாண்டியதும் குடிகாட்டுப் பக்கத்து கெமிக்கல் கம்பெனிகளின் வாடை ஜன்னல் வழியாக வந்தது. எதிரில் இருந்தவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். எனக்கு உன் கையெழுத்து நினைவுக்கு வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. மாரடைப்பு என்று போனில் சொன்னார்கள். சாவுக்கு வந்தேன், எல்லாரோடும் நின்றேன், திரும்பினேன். சொல்ல வேண்டியதை அன்றும் சொல்லவில்லை.

உன் வீட்டில் தினமும் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிவைப்பாய். காற்று எந்தத் திசை, வாடை எப்படி: அழுகிய முட்டை, நெயில் பாலிஷ், ஒன்றுமில்லை. அம்மா எப்போது துணி காயப்போடலாம், தங்கையின் இளைப்புக்கு எப்போது ஜன்னலைச் சாத்தலாம் என்று பார்ப்பதற்காக ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. அது பெரிய விஷயம் என்று நீ நினைக்கவும் இல்லை. நேர்காணலில் சொல்லலாம் என்று உசுப்பிவிட்டவன் நான்தான்.

ப்ளஸ் டூ வருஷம். வடக்கே ஒரு கல்லூரிக்கு இருவரும் விண்ணப்பித்திருந்தோம். தேர்வானால் செலவு முழுக்க அவர்களுடையது. இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் அனுப்ப இரண்டு வீட்டிலும் வழியில்லை. கடைசிக் கட்டமாக, அங்கே படித்த ஒருவர் நம்மைப் பார்த்துப் பேசி எழுதியனுப்ப வேண்டும். சிதம்பரம் அண்ணாமலை நகரில், யுனிவர்சிட்டி குவார்ட்டர்ஸில் இருந்த பெற்றோர் வீட்டுக்கு வந்திருந்த பழைய மாணவி ஒருவர் இருவரையும் ஒரே நாளில் வரச்சொன்னார். சும்மா பேசத்தான், தயாரிப்பு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். அதை நாம் நம்பவில்லை.

எந்தப் பரீட்சைக்கும் நமக்குத் தெரிந்தது ஒரே வழி. லாங் சைஸ் நோட்டில் நாற்பது கேள்வி, இங்கிலீஷில் நாற்பது பதில். நீ ஒப்பிக்கும்போது நோட்டு என் கையில். நான் ஒப்பிக்கும்போது உன் கையில். ஒரு வார்த்தை விட்டாலும் முதலிலிருந்து. "எவ்ளோ நாளா எழுதறேன்னு சொல்லாம வுட்டுட்ட பாரு, திரும்பச் சொல்லு" என்று உன்னை விரட்டியிருக்கிறேன். பத்து நாளில் உன் பதில் உன்னைவிட எனக்குச் சரளமாக வந்தது. அதில் இருவருக்கும் பெருமை வேறு.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். யாரும் சொல்லாமல் நீயாகச் செய்த காரியம் ஒன்று சொல் என்றார் அந்த அம்மா. பள்ளி நூலகத்தை ஒழுங்குபடுத்தினேன் என்பது என் பதில், பாதி பொய். இரண்டாவது வரியிலேயே அவர் பேனா நின்றுவிட்டது. வேறு ஏதாவது உண்டா என்றார். என் வாய் தானாக ஓடியது. எங்கள் வீட்டு நாள்காட்டி, காற்று, அம்மாவின் துணி, தங்கையின் இளைப்பு. எனக்குத் தங்கையே கிடையாது. அவர் எழுத ஆரம்பித்தார். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும், "என்னா மச்சான் கேட்டாங்க?" என்றாய். கேள்விகளையெல்லாம் சொன்னேன். என் பதிலைச் சொல்லவில்லை. உள்ளே நடந்ததைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். வாசலில் நடந்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

பத்தே நிமிஷத்தில் நீ வந்துவிட்டாய். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு நடந்தோம்.

"காலண்டர் மேட்டர சொன்னேன். இதையேதான அந்தப் பையனும் சொன்னான், ரெண்டு பேரும் ஒண்ணா தயார் பண்ணீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"ஆமான்னேன்."

"அது உன்னுதுன்னு சொல்ல வேண்டிதான?"

"சொன்னா ரெண்டு பேருக்கும் பூடும். ஒருத்தனாவது போவட்டும்" என்றாய். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, கடலூர் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனாய்.

நான் வடக்கே போனேன். நீ கடலூரிலேயே படித்துப் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆனாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. உன் கல்யாண மேடையில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, கெட்டிக்காரன் என்று மாமனாருக்கு அறிமுகப்படுத்தினாய். ஒரு தடவை என் சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சௌகரியத்தை நீ எனக்குக் கொடுக்கவே இல்லை. அதில் உன்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

நேற்று நான் போனதும் அந்த வேலைக்குத்தான். பழைய மாணவன் என்று இந்த வருஷம் என்னைக் கேட்டிருந்தார்கள். அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜின் வரவேற்பறை. புவனகிரியிலிருந்து வந்த ஒரு பெண். நன்றாகப் பேசினாள். முடிவில், நீ ஏதாவது கேட்கணுமா என்று வழக்கப்படி கேட்டேன்.

"நீங்க என்னா சொல்லி சார் செலக்ட் ஆனீங்க?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ பேரிடம் பதில் சொல்லியிருக்கிறேன். எப்போதும் 'எங்க வீட்ல' என்றுதான் ஆரம்பிப்பேன். என் மனைவிகூட அதை என் வீட்டுக் கதையாகத்தான் நம்புகிறாள். நேற்று 'என் ஃப்ரெண்டு வீட்ல' என்று ஆரம்பித்தேன். நாள்காட்டியைப் பற்றிச் சொன்னேன். அவனும் அன்றைக்கு என்னோடு நேர்காணலுக்கு வந்திருந்தான் என்றும் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"அப்ப அவரும் உங்ககூட அங்கதான் படிச்சாரா சார்?"

"இல்லம்மா. அவன் பதில நான் சொல்லிட்டேன்."

அவள் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மச்சான், உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டு, உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாற்காலியில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.