ஐம்பது நிமிடத்தில் வந்துவிடலாம் என்கிறார் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கும் அந்தச் சின்ன ஆளும் அதுபோலவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் வீட்டில் இந்த வாரம் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ஒரே ஒரு எதிர்ப்பு வாக்குடன், இனிமேல் காலைத் தேநீரை அப்பா மல்லாந்து படுத்துக்கொண்டுதான் குடிப்பார் என்று தீர்மானமாகியிருக்கிறது. எதிர்த்து வாக்களித்தவள் தலையணை உறை துவைக்கிறவள். உங்கள் ஊருக்கு விடப்போகிற ராக்கெட் கிளம்பும்போது பயணிகள் எல்லோரும் படுத்த நிலையில்தான் இருக்க வேண்டுமாம், அதற்கு உடம்பு இப்போதிருந்தே பழக வேண்டுமாம். ராக்கெட்டில் தேநீர் கொடுப்பார்களா என்று கேட்டேன். போறதே அம்பது நிமிஷம், அதுக்குள்ள உனக்குத் தேநீர் கேக்குதா என்றார். அப்படியானால் படுத்துக்கொண்டு தேநீர் குடித்து எதற்குப் பழக வேண்டும் என்ற கேள்வி விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால், நீ எடுத்ததும் அப்பா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு ராக்கெட் எவ்வளவு உயரம் போகும் என்று ஆரம்பித்துவிடுகிறார், என் முறை வருவதற்குள் உன் நாற்காலியில் அடுத்த நோயாளி வாயைத் திறந்துவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன். பல் பிடுங்குகிற வேலையை உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாதா கண்ணு, உன் கால் வீக்கத்தைப் போட்டோவில் பார்த்தேன், நீ செருப்பை மறைத்து நின்றாலும் தெரிகிறது. அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பஸ் வராவிட்டாலும் அட்டவணை சரியாகத்தான் இருக்கிறது என்று நம்புகிற மனிதர். உன் பிரசவத்துக்கும் ஒரு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். முதல் வரி, வலி தொடக்கம். அடுத்தது மாப்பிள்ளையின் போன், பிறகு நாங்கள் வீட்டைப் பூட்டுவது, துறைமுகம், படகு, ராக்கெட், உங்கள் ஊர், ஆஸ்பத்திரி லிஃப்ட். கடைசி வரியில் குழந்தை என்று எழுதி அதற்கு எதிரேயும் நேரம் போட்டிருக்கிறார். முதல் பிரசவம், வலி எடுத்த பிறகும் அரை நாள் ஆகும், அதுக்குள்ள நாம போயி, கை கழுவிட்டு உக்காந்திருக்கலாம் என்கிறார்.

ஏழாம் மாதமே வருகிறேன் என்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். சாதாரண விமானத்தில் ஒன்றரை நாள், நடுவில் ஓர் இடத்தில் இறங்கி ஏற வேண்டும், அவ்வளவுதான். அப்போது நீயும்தான், அப்பா சொல்றது சரிதாம்மா, ராக்கெட் விட்டதும் வாயேன், எதுக்குக் கால் வீங்க உக்காந்து வரணும் என்றாய். மாப்பிள்ளையும் ஆமாம் அத்தை என்றார். எல்லோரும் என் காலைப் பற்றிக் கவலைப்பட்டதால் என் கால் இன்னும் இந்த ஊரிலேயே இருக்கிறது.

போன வாரம் ராக்கெட் கம்பெனியின் அலுவலகத்துக்கு மறுபடி போனோம். செருப்புக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில், உள்ளே நுழைந்ததும் பல் கிட்டிக்கிற குளிர். சுவரில் ஒரு வயதான தம்பதி எடையில்லாமல் மிதக்கிற படம், தலைமுடி ஒன்றுகூடக் கலையவில்லை. கவுண்டரில் இருக்கிற பெண் எங்களைப் பார்த்ததும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டாள், நல்ல பயிற்சி. புறப்பாடு அடுத்த மாசத்துக்கு மாறியிருக்குங்க என்றாள். முதலில் கடலில் கட்டுகிற மேடை முடியவில்லை என்றார்கள். மேடை முடிந்து முதல் ராக்கெட் இறங்கியபோது அந்தச் சத்தத்தில் கரையோர வீடுகளின் ஜன்னல் கண்ணாடி எல்லாம் உடைந்தது, அதனால் மேடையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது படகிலேயே அரை நாள். அதற்கு முன்னால் உடல் பரிசோதனை, எடை பார்ப்பது, உடை மாற்றுவது, ஆக ஐம்பது நிமிடப் பயணத்துக்கு முந்தின நாளே போய்ப் படுக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னால், நிலையத்துல நிக்கிற நேரத்தை யாராவது பயண நேரத்துல சேப்பாங்களா, என்ன பேசுற என்கிறார். அவர் வேலை பார்த்த நிலையத்தில் நின்ற நேரத்தைச் சேர்த்திருந்தால் நம் ஊரில் பாதிப் பேர் வாழ்க்கை பயணத்திலேயே கழிந்திருக்கும்.

ராக்கெட் தினமும் ஒன்று கிளம்புகிறதே, எங்கள் பாத்திர அலமாரி ஆடுகிறதே என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அது சரக்குங்கம்மா என்றாள். சரக்கு போகிறதென்றால் மனுஷர் ஏன் போகக் கூடாது என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள், சரக்குக்கு வாந்தி வராதும்மா, சரக்குக்கு ரத்தக் கொதிப்பு பாக்க வேண்டாம், லேட்டானா சரக்கு வந்து கவுண்டர்ல நிக்காது. கடைசியைச் சொல்லும்போது அப்பாவைப் பார்த்தாள். வெட்டிய பூ போகிறதாம், செல்போன் போகிறதாம், போன வாரம் ஒரு பந்தயக் குதிரை போனதாம். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. குதிரைக்குத் துணைக்கு ஆள் வேணுமாம்மா என்று கேட்டார். குதிரைக்கு மயக்க ஊசி போட்டுடுவோங்க, துணை வேண்டாம் என்றாள். எனக்கும் அதையே போட்டுடுங்களேன் என்றார். அந்தப் பெண் சிரிக்காமல் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மேலிடம் என்பதற்கு அந்தத் தொழிலில் ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது.

சரக்கின் வேகத்தையும் நாம்தான் பார்த்தோமே. குழந்தையைச் சுற்ற என் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துவைத்து, அப்பாவின் வற்புறுத்தலில் ராக்கெட் பார்சலில் போட்டேன். வானத்தில் ஐம்பது நிமிடம்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. தரையில் இறங்கிய பிறகு சுங்கக்காரர்கள் இது துணியா, உடையா, கழிவா என்று யோசித்தார்கள். நீ போன் செய்து விளக்கினாய், மாப்பிள்ளை நேரில் போய் விளக்கினார், உபயோகித்த ஜவுளி என்று ஒரு புது வகை உண்டாக்கி மூன்று வாரம் கழித்துக் கொடுத்தார்கள். அதற்கும் அப்பா, வண்டி சரியான நேரத்துக்கு வந்துடுச்சு, மிச்சம் நிர்வாகக் கோளாறு என்று தீர்ப்பு சொன்னார்.

உடல் தகுதிச் சான்றிதழுக்கு டாக்டரிடமும் போனோம். கிளம்பும்போது மூணு மடங்கு எடை அழுத்தும்மா, உங்க மேல இன்னும் ரெண்டு பேர் உக்காந்த மாதிரி இருக்கும், தாங்குவீங்களா என்று கேட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு டாக்டர், பழக்கம்தான் என்றேன். எனக்கு உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்பாவுக்கு, பழகிட்டு வாங்க பாக்கலாம் என்றார். அதிலிருந்து மாடி வீட்டு வக்கீலிடம் தடிமனான சட்டப் புத்தகங்களைக் கடன் வாங்கி நெஞ்சின்மேல் அடுக்கிக்கொண்டு படுக்கிறார். வக்கீல் தினமும் இரண்டு படி இறங்கி வந்து எட்டிப் பார்க்கிறார், சிவில் முடிஞ்சுதா சார், கிரிமினல் அனுப்பவா என்று கேட்கிறார். அப்பாவால் பதில் சொல்ல முடிவதில்லை, மூச்சு சட்டத்தின் பிடியில் இருக்கிறது.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் நேற்று நீ பேசும்போது, குழந்தை தலை இறங்கிடுச்சும்மா, இன்னும் மூணு வாரம்னு டாக்டர் சொல்றார் என்றாய். அதைச் சொல்லிவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தாய். ராக்கெட்டைப் பற்றி நீ கேட்கவில்லை, நீ எப்போம்மா வருவே என்றும் கேட்கவில்லை. சின்ன வயதில் இருட்டு அறைக்குப் போக வேண்டியிருந்தால் இப்படித்தான் வாசலில் வந்து சும்மா நிற்பாய். மாப்பிள்ளை நல்லவர், ஆனால் ஊசியைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுகிறவர். உனக்கு வலி வரும்போது பிடித்துக்கொள்ள என் கை அங்கே இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான், அதற்கு வானத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

எனவே இன்று காலை, அப்பா படுத்தவாறு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நான் சாதாரண விமானத்திலேயே போகிறேன், நாளைக்கே டிக்கெட் எடுக்கிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் தேநீர் காதுக்குள் போய்விட்டது. துடைத்துக்கொண்டு, நம்ம பேரு முதல் பட்டியல்ல இருக்கு, இப்பப் போயி மாட்டு வண்டியில போறேங்கறியே என்றார். மாட்டு வண்டிக்கு அடுத்த மாசத்துக்கு மாத்தற பழக்கம் இல்ல என்றேன். பிறகு எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த அட்டவணையில் என் பெயரை மட்டும் அழித்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஜன்னல் ஓரம் கேளு, இறக்கை மேல குடுத்துடப் போறாங்க என்றார். அவர் ராக்கெட்டுக்காகக் காத்திருப்பாராம், கிளம்பினால் எனக்கு முன்னால் வந்துவிடுவாராம்.

நீ பயப்படாதே. இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே, தண்ணீரில் விழுங்கு. இடது பக்கமாகப் படு. ஆஸ்பத்திரிப் பையைக் கதவருகே வை, அதில் உன் சீப்பையும் வை, எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். பல் பிடுங்க வருகிறவர்களை இனிமேல் வேறு டாக்டரிடம் அனுப்பு, அந்தப் பற்கள் ஓடிப்போகாது. மாப்பிள்ளையிடம் குழந்தையைக் குளிப்பாட்டுவது பற்றி வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல், வந்து திருத்திக்கொள்கிறேன். நீயும் உன் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு, என் கண்ணெதிரே நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை ராக்கெட் தபாலில் போடுகிறேன், கடிதத்துக்குச் சுங்கம் இல்லை, சீக்கிரம் கிடைக்கும். மாத்திரை, மறக்காதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் விமான அலுவலகத்துக்குப் போய் வந்துவிட்டேன். ராக்கெட் அறிவிப்பு வந்ததிலிருந்து உங்கள் ஊருக்கு யாரும் டிக்கெட் எடுக்கவில்லையாம், எல்லோரும் காத்திருக்கிறார்களாம். அதனால் அந்த விமானத்தையும், அதற்கு இணைப்பாக இருந்ததையும் போன மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். துறைமுகத்தில் கேட்டேன். சரக்கெல்லாம் ராக்கெட்டில் போவதால் சரக்குக் கப்பலில் இடம் இருக்கிறதாம், ஆட்களை ஏற்றுகிறார்கள். செவ்வாய்க்கிழமை ஏறுகிறேன். கப்பல் உங்கள் துறைமுகத்துக்கு வர ஒரு மாதம் ஆகும்.