தொழில் என்ற கட்டம்

12.2.2003, புதன்

காலையில் எங்கள் லாட்ஜுக்கு நார்வேக்காரர் ஒருவர் வந்தார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீசுக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பியவர், தொழில் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். பதினாறு வருடம் கால்பந்து கிளப்புகளில் மிட்ஃபீல்டில் ஆடியவராம். முழங்கால் போய், போன மாதம்தான் ஓய்வு பெற்றாராம். "நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்துக்கூடப் போடாமல் மாடிக்குப் போய்விட்டார். நான் 'கால்பந்து ஆட்டக்காரர்' என்று எழுதினேன்.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "அந்தாளுதான் ஆட்டத்த விட்டுட்டாருல்ல மாப்ள? போலீசு கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றார். எழுதியதை அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் நான் கால்பந்து ஆடப் போகும் மைதானத்துக்கு அவரும் வந்தார். எங்கள் அணியில் ஓர் ஆள் குறைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார். ஓடவே இல்லை. நின்ற இடத்திலிருந்து அவர் தள்ளிய பந்து, நான் போய்ச் சேர வேண்டிய இடத்தில் எனக்கு முன்பே காத்திருந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் அப்படிப் பந்து கொடுத்ததில்லை.

திரும்பியதும் முழங்காலுக்கு ஐஸ் கேட்டார். ஐஸோடு படிவத்தையும் கொண்டுபோனேன். தொழில் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அடியில் கையெழுத்துப் போட்டார்.

இனி மேனேஜர் கத்தட்டும்.